மூட்டம் போட்டால் வாழைக்காய் பழுப்பது ஏன்?

ஆத்தூர், ஏரல் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் வாழைத்தார்கள் காயாகவே வெட்டப்பட்டு நம் தூத்துக்குடிக்கு வருகின்றன. அவற்றை அறையில் அடுக்கிக் கதவை அடைத்து மூட்டம் போடுவது பழைய வழக்கம். புகையின் சூடுதான் காயைப் பழுக்க வைக்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சூடும் உதவுகிறதுதான், ஆனால் முக்கிய வேலையைச் செய்வது புகையில் கலந்துள்ள எத்திலீன் வாயுவே.

மனிதருக்கு இருப்பது போலத் தாவரங்களுக்கும் ஹார்மோன்கள் உண்டு. அவற்றுள் எத்திலீன் வாயு வடிவானது. 1901இல் நெல்யூபோவ் என்ற ரஷ்ய மாணவர், ஆய்வுக்கூட விளக்கு வாயுவால் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதைக் கண்டு, அதற்குக் காரணம் எத்திலீன் என நிறுவினார். துறைமுகத்து மக்களாகிய நமக்குச் சுவையான செய்தி ஒன்றும் உண்டு. ஆரஞ்சுப் பழங்களோடு வாழைக்காயைக் கப்பலில் ஏற்றினால் காய் வழியிலேயே பழுத்துவிடும் என்று ஜமைக்காவின் கசின்ஸ் 1910இல் எச்சரித்தார். (பாவம் ஆரஞ்சு! அதன்மேல் படர்ந்த பூஞ்சணமே அவ்வாயுவை விட்டிருக்கலாம் என்று பின்னர் கருதினர்.) பழுக்கும் ஆப்பிள் எத்திலீனைத் தானே உண்டாக்குகிறது என்பதை 1934இல் இங்கிலாந்தில் கேன் மெய்ப்பித்தார்.

முற்றிய வாழைக்காயில் சிறிது எத்திலீன் தோன்றியதும், அதுவே மேலும் எத்திலீன் சுரக்கத் தூண்டுகிறது. மாவுச்சத்து சர்க்கரையாகிறது, பச்சையம் சிதைந்து தோல் மஞ்சளாகிறது, சதை இளகுகிறது. வாயு பரவி அடுத்த சீப்பும் பழுக்கிறது. மாங்காயை அரிசிப் பானையில் புதைத்து வைக்கும் பாட்டிமார் இந்த வாயுவைத்தான் வெளியே போகவிடாமல் காக்கிறார்கள்.

எல்லாக் கனிகளும் இப்படியல்ல. கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சையைப் புளிப்பாகப் பறித்துவிட்டால் பிறகு இனிப்பு ஏறாது. கொடியில் அதற்கு நிறமும் இனிப்பும் ஏறும்போது முன்நிற்கும் ஹார்மோன் அப்சிசிக் அமிலம். மேல்நாட்டுப் புளூபெர்ரியிலும் இதற்குப் பெரும் பங்குண்டு.

கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் வரும் அசிட்டிலீன், எத்திலீனைப் போலவே காயை ஏய்த்துவிடுகிறது. ஆனால் அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் நச்சுகள் கலந்திருக்கலாம். ஆகவே பழுக்க வைக்க அதைப் பயன்படுத்தச் சட்டம் தடை விதித்துள்ளது. முற்றாத பிஞ்சையும் இது மஞ்சளாக்கிவிடும்; தின்றால் சப்பென்றிருக்கும். எத்திலீன் வாயுவையோ, காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை பயன்படுத்த அனுமதி உண்டு.

வீட்டில் இதற்கெல்லாம் தேவையே இல்லை. முற்றிய காய்ச் சீப்போடு பழுத்த பழம் ஒன்றைக் காகிதப் பையில் சுருட்டி வைத்தால், சில நாட்களில் சீப்பு பழுத்துவிடும்.