ரூட்டர் போடும் கூட்டல் கழித்தல்

புது ரூட்டர் வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டு ஆன்டெனா உள்ள வை-ஃபை ரூட்டர் ஒரே அலைவரிசையில் இரண்டு தகவல்களை அனுப்பும். அவை கலந்துதான் லேப்டாப்புக்கு வரும். பிரிப்பது எப்படி?

2009-இல் வெளியான 802.11என் தரத்தில், ஒவ்வொரு பாக்கெட்டின் தொடக்கத்திலும் முன்பே தெரிந்த சிக்னல் வரும். எளிமையாகச் சொன்னால், முதலில் இரு ஆன்டெனாவும் 1 அனுப்பும்; அடுத்து ஒன்று மட்டும் -1 அனுப்பும். லேப்டாப்பில் முதலில் 8, பிறகு 2 கிடைத்தால்? கூட்டிப் பாதியாக்கினால் 5, கழித்துப் பாதியாக்கினால் 3. இவையே இரு பாதைகளின் வலிமை. இதுதான் சேனல் எஸ்டிமேஷன்.

என் ரூட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. இரு எண்களும் இரைச்சலில் மூழ்கினால் கணக்கு உதவாது. வெளியே எடுத்து வைத்தேன், பணம் மிச்சம். நீங்களும் முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள்.