கெடு நீண்டாலும் வட்டி நிற்காது

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி வியாபாரிகளுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. வருமான வரிக் கணக்குக்கு ஜூலை 31 கெடு என்றிருந்ததும் அந்த வேளையில்தான். கெடு நீட்டிப்பு என்று பேப்பரில் வந்தால் சந்தோஷப்படுவோம். 2021-இல் அந்தச் சந்தோஷத்துக்கு நாங்கள் கொடுத்த விலை ரூ.6,000.

கொரோனாவை முன்னிட்டு மத்திய நேரடி வரிகள் வாரியம், தணிக்கைக்கு உட்படாதவர்களின் கெடுவை செப்டம்பர் 30-க்கும், பிறகு டிசம்பர் 31-க்கும் தள்ளிவைத்தது. எங்கள் வரிப் பாக்கி ரூ.1,20,000. டிசம்பர் வரை இருக்கிறதே என்று அந்தப் பணத்தை வத்தல் கொள்முதலில் போட்டோம். உத்தரவின் அடியில் இருந்த விளக்கத்தை ஆடிட்டர் பிறகுதான் காட்டினார். முன்வரியும் டி.டி.எஸ்.ஸும் கழித்து, பாக்கி ரூ.1 லட்சத்தைத் தாண்டினால் தாமத வட்டிக்குப் பழைய கெடுவே! ஆகஸ்ட் முதல் மாதம் 1 சதவீதம். ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. முன்வரி கட்டாததற்கு வட்டி தனி.

எல்லா நீட்டிப்பிலும் இந்த நிபந்தனை இருப்பதில்லை. உத்தரவை முழுதும் வாசிக்க வேண்டும். கணக்கு முடியாவிட்டாலும் உத்தேசமாக, சற்றுக் கூடுதலாகவே சுயமதிப்பீட்டு வரியை முதல் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். மிஞ்சியது ரீபண்டாக வரும். பிரணாய் ராய் வழக்கில், கெடுவுக்குள் வரி கட்டியவர் கணக்கைத் தாமதமாகக் கொடுத்தாலும், கட்டிய தொகைக்குத் தாமத வட்டி இல்லை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாரியமும் 2015-இல் அதை ஏற்றது. தாமதக் கட்டணம் வேறு விஷயம். அதற்கு இது பொருந்தாது. செலானைப் பத்திரப்படுத்துங்கள், தாக்கலின்போது அதன் எண் வேண்டும்.