தட்டினால் ஐந்து, அலகிட்டால் மூன்று

கம்மாபுரத்தில் ஒன்பதாம் வகுப்பிற்குத் தமிழ் கற்பிக்கிறேன். யாப்பிலக்கணத்தைத் தொடங்கும்போது, சொற்களைக் கைதட்டிப் பிரிக்கச் செய்வது என் வழக்கம். ஒருநாள், மாணவர்கள் பேருந்துப் பலகைகளில் அன்றாடம் காணும் ஊர்ப்பெயர்களை அலகிடக் கொடுத்தேன். விருத்தாசலம் என்பதை ஒரு மாணவி வி-ருத்-தா-ச-லம் என ஐந்தாகப் பிரித்திருந்தாள். தவறு என்று சுழித்தேன்.

"ஐயா, அஞ்சு தடவைதானே தட்டினோம்?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம்; பிழை என்னுடையது. கைதட்டல், ஆங்கில வகுப்பில் சிலபிள் எண்ணும் முறை. அங்கே ஓர் உயிரொலிக்கு ஒரு தட்டு. தமிழ் அசை அப்படியன்று. குறிலை அடுத்து ஒற்று இல்லாமல் இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால், இரண்டும் சேர்ந்து ஓர் அசையாகும். அதுவே நிரை.

மறுநாள் பாடத்தை மூன்று படிகளாக மாற்றினேன்.

1. புள்ளி வைத்த எழுத்தைத் தனியே எண்ண வேண்டாம். அது முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

2. இடப்புறமிருந்து பார்க்கவும். நெடில் முதலில் வந்தால் நேர். குறிலை அடுத்து ஒற்று வந்தாலும் நேர்.

3. குறிலை அடுத்து ஒற்று இல்லையென்றால், அடுத்த எழுத்தைச் சேர்த்து நிரை. சேர எழுத்தின்றிச் சீரின் இறுதியில் நிற்கும் குறில் நேர்.

இப்போது ஊர்ப்பெயர்கள் தாமே பிரிந்தன:

கட/லூர் – நிரை நேர் – புளிமா
நெய்/வே/லி – நேர் நேர் நேர் – தேமாங்காய்
கம்/மா/புரம் – நேர் நேர் நிரை – தேமாங்கனி
விருத்/தா/சலம் – நிரை நேர் நிரை – புளிமாங்கனி

விருத்தாசலத்தின் பழம்பெயரான முதுகுன்றத்தையும் மாணவர்களே அலகிட்டனர்: முது/குன்/றம், புளிமாங்காய்.

மூன்றாம் படியைக் கற்றதும் சிலர் நெடிலையும் அடுத்த எழுத்தோடு சேர்த்துவிடுவர். அதற்கு 'வெளி', 'வேலி' என்னும் இணை உதவும். வெளி ஒரே நிரை. வே/லி இரண்டு நேர். குறில் துணை தேடும், நெடில் தனித்து நிற்கும் என்று சொன்னால் மறப்பதில்லை.

கைதட்டலை நான் கைவிடவில்லை. நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு விரைவான இரட்டைத் தட்டு. எண்ணுவது தட்டுகளை அல்ல, தொகுதிகளை. அசை பிழைத்தால் சீர் பிழைக்கும். சீர் பிழைத்தால் தளை தெரியாது. வெண்பாவின் ஓசையும் மாணவர் காதுக்கு எட்டாது.

அம்மாணவியின் குறிப்பேட்டில் நான் போட்ட சுழியை நானே அடித்துவிட்டேன். அதனருகே அவள் தன் பெயரை அலகிட்டு எழுதியிருந்தாள், சரியாக.