வீட்டுக் கணக்கும் ஆள் கணக்கும்
கடுகண்ணாவைப் பகுதியை வைத்து ஒரு பாடம்

கொழும்பிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கவனிக்காமல் இருக்க முடியாது. குடைந்த பாறையும், வளைந்து வளைந்து ஏறும் வீதியும், மேட்டிலே டோசன் கோபுரமும் கண்ணில் படும். இந்த வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832 இல் அந்தக் கோபுரம் எழுப்பப்பட்டது. 1867 இல் ரயிலும் இவ்வழியே கண்டியை அடைந்தது. கோபுரத்தைப் பார்க்கிறவர் பலர். சற்று உள்ளே தள்ளி, தேயிலைக்கும் இறப்பருக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே இருக்கும் லயங்களைப் பார்க்கிறவர் சிலரே. அந்த லயங்களில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியவர் அதிலும் சிலரே.

இந்த இதழை வாசிக்கும் உங்களில் பலர் ஒரு தடவை அல்ல, இரண்டு மூன்று தடவை இடம்பெயர்ந்தவர்கள். 1970களில் மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறி, பின்னர் போரினால் அங்கிருந்தும் கிளம்பியவர்கள் இருக்கிறீர்கள். மண்சரிவினால் காணியையும் வீட்டையும் இழந்தவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் எல்லாருக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. யாரோ ஒருவர் கொப்பியோடு வருவார், பெயர்களை எழுதுவார், போய்விடுவார். பின்னர் வீட்டுத் திட்டப் பட்டியல் வரும். அதில் சிலர் பெயர் இராது. ஏன் இல்லை என்று கேட்டால், "கணக்கில் அவ்வளவுதான் வீடு" என்பார்கள்.

அந்தக் கணக்கு எப்படி உண்டாகிறது, அதில் நம் குடும்பங்கள் எங்கே விழுந்து போகின்றன, அதை நாமே எப்படிச் சரியாக எடுக்கலாம் என்பதே இந்தப் பாடம்.

1. ஒரே இடம், மூன்று பிரிவு

நமது நாட்டின் தொகைமதிப்பு, மக்களை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று பிரிவாகப் பிரிக்கிறது. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது நகரம். 20 ஏக்கருக்குக் குறையாத, 10 தொழிலாளருக்குக் குறையாமல் குடியிருக்கும் பயிர்நிலம் தோட்டம். மற்றவை எல்லாம் கிராமம்.

கடுகண்ணாவையில் இந்த மூன்றையும் அருகருகே காணலாம். பட்டணத்துக்கு ஒரு நகர சபை உண்டு. அதைச் சுற்றி யட்டிநுவர பிரதேசத்தின் கிராமங்கள். பலாவும் கராம்பும் சாதிக்காயும் மிளகும் வளரும் வீட்டுத் தோட்டங்களின் நடுவே சொந்தக் காணியில் கட்டிய வீடுகள். அதே மலைச்சரிவில் தோட்டமும் லயமும். ஒரே மழை, ஒரே மண். ஆனால் ஒருவருக்குக் காணி உறுதி உண்டு, மற்றவருக்கு இல்லை. ஒருவருக்கு வீதி போடுவது பிரதேச சபையின் வேலை. மற்றவருக்கு அது தோட்ட நிர்வாகத்தின் தயவு. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபைகள் பணம் செலவிடுவதைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது.

ஆகவே ஒரு குடும்பத்தை எந்தப் பிரிவில் எழுதுகிறார்கள் என்பது வெறும் எழுத்து வேலை அல்ல. எந்தக் கதவைத் தட்ட அக்குடும்பத்துக்கு உரிமை உண்டு என்பதே அதிலே அடங்கியிருக்கிறது.

2. காம்பராவும் செக்ரோலும்

லயத்தின் கதை நமக்குத் தெரிந்ததே. கோப்பிக் காலத்தில் தொடங்கி, 1869 இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தபின் தேயிலைக் காலத்திலும் தொடர்ந்த கட்டிட முறை அது. 10 அடிக்கு 12 அடி ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு. பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். காற்றுக்குப் பின்வாசல் இல்லை.

காம்பரா சிறியது என்பது ஒரு குறை. அது வேலையோடு கட்டப்பட்டது என்பது அதைவிடப் பெரிய குறை. செக்ரோலில் பெயர் உள்ளவருக்கே காம்பரா. வேலையிலிருந்து நின்றால், வீட்டில் வேறொருவர் பெயர் பதிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் முடித்தாலும் புதுக் காம்பரா கிடைப்பதில்லை. மகன் குடும்பம் இஸ்தோப்பை மறைத்துக்கொண்டு அங்கே அடுப்பு மூட்டும். வெளியே இருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது ஒரு கதவுதான். உள்ளே இரண்டு குடித்தனம், சில வேளை மூன்று.

3. குறைந்துபோன எண்கள்

இப்போது பெரிய கணக்கைப் பார்ப்போம். தொகைமதிப்பில் "இந்தியத் தமிழர்" என்று பதியப்பட்டோர்:

1953 இல் 9 இலட்சத்து 74 ஆயிரம், நாட்டு மக்களில் 12 வீதம்.
1971 இல் 11 இலட்சத்து 75 ஆயிரம், 9.3 வீதம்.
1981 இல் 8 இலட்சத்து 19 ஆயிரம், 5.5 வீதம்.
2012 இல் 8 இலட்சத்து 40 ஆயிரம், 4.1 வீதம்.

1971 க்கும் 1981 க்கும் இடையே மூன்றரை இலட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள். பத்தே ஆண்டில் இது எப்படி நடந்தது?

முதற் காரணம், 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவராக்கப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க, 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பது என்றார்கள். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். கப்பல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் போனார்கள்.

இரண்டாவது, இடை மலைநாட்டுக்கு நேர்ந்தது. 1972 இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. கண்டிப் பக்கத்துத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சமும் அதே வேளையில் வந்தது. வேலை போனது. வேலையோடு கட்டிய காம்பராவும் போனது. 1977 ஆம் ஆண்டின் வன்செயல் மீதிப் பேரையும் பெயர்த்தது. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போன குடும்பங்கள் இவை.

மூன்றாவது, பெயர் மாற்றம். பலர் தங்களை "இலங்கைத் தமிழர்" என்று பதிந்தார்கள். அவர்கள் எங்கும் போகவில்லை. அவர்கள் இருந்த நிரல்தான் மாறியது. 2024 ஆம் ஆண்டின் தொகைமதிப்பில் "மலையகத் தமிழர்" என்ற பெயரும் நிரலில் சேர்க்கப்பட்டது. ஆயினும் அதில் பதிந்தோர் 2.8 வீதமே.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின்னரும் இம்மக்கள் தொகைமதிப்பில் எண்ணப்பட்டார்கள். வாக்காளர் பட்டியலில் மட்டும் பெரும்பாலானோர் இல்லை. 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களே எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை தந்தன. எண்ணப்படுவது வேறு, உரியவராக எழுதப்படுவது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வடக்குக் கிழக்கிலோ எண்ணுவதே நின்றுபோனது. 1991 இல் நடந்திருக்க வேண்டிய தொகைமதிப்பு நடக்கவில்லை. 2001 இல் 18 மாவட்டங்களில் மட்டுமே அது முழுமையாக நடந்தது. 1981 இல் கைக்குழந்தையாக எண்ணப்பட்ட ஒருவர் அடுத்த முழுத் தொகைமதிப்பில், 2012 இல், பிள்ளை குட்டிக்காரர்.

பிற நாடுகளில் எப்படி? அவுஸ்திரேலியாவில் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தொகைமதிப்பு நடக்கிறது. சில நூறு பேர் மட்டும் வாழும் நாட்டுப்புறச் சிற்றூருக்கும் தனிப் பக்கம் போட்டு வெளியிடுகிறார்கள். எத்தனை பேர், எத்தனை குடும்பம், எத்தனை வீடு, அவற்றில் ஆளில்லாதவை எத்தனை, சொந்தமா வாடகையா, எத்தனை படுக்கையறை என்று எல்லாம் அதில் இருக்கும். பாடசாலையை மூட வேண்டாம் என்று வாதாட அவ்வூரார் அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். நம் லயத்துக்கும் முகாமுக்கும் குடியேற்றத்துக்கும் அப்படி ஒரு பக்கத்தை நாமே எழுதினால் என்ன?

4. ஒரு லயத்தின் கணக்கு

விளங்கிக்கொள்வதற்காக ஒரு மாதிரிக் கணக்கைப் போடுவோம். இது எந்தக் குறிப்பிட்ட லயத்தின் கணக்கும் அல்ல.

லயத்தில் 12 காம்பரா. ஒன்று கூரை விழுந்து பூட்டிக் கிடக்கிறது. ஆள் இருப்பது 11. அடுப்பு 17. பெயர்கள் 68. அவர்களில் 9 பேர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்கிறார்கள். இராத்தங்குவோர் 59.

கதவை எண்ணுகிறவர் "11 வீடு" என்று எழுதுவார். அடுப்பை எண்ணுகிறவர் "17 குடித்தனம்" என்று எழுதுவார். வீட்டுத் திட்டம் வரும்போது 11 வீடு வந்தால், 6 குடும்பம் வெளியே. அந்த 6 குடும்பமும் பெரும்பாலும் இளம் தம்பதியர், அல்லது தகப்பன் வீட்டுக்குத் திரும்பிவந்த விதவைகள். கைக்குழந்தைகள் இருப்பதும் அங்கேதான். தொகைமதிப்புத் திணைக்களமும் ஒன்றாகச் சமைத்து உண்போரையே ஒரு குடித்தனம் என்று கொள்கிறது. ஆகவே நாம் அடுப்பை எண்ணச் சொல்வது சலுகை கேட்பது ஆகாது.

இனி நெரிசல். 120 சதுர அடிக் காம்பராவில் சராசரி 5 பேருக்கு மேல் படுக்கிறார்கள். ஆளுக்கு 22 சதுர அடி. ஒரு பாய் விரித்தால் 18 சதுர அடி போய்விடும். "எங்களுக்கு இடம் போதாது" என்று சொல்வதைவிட இந்த ஒரு வரி வலுவானது.

இனி வயது. 5 வயதுக்குக் கீழே 6 பேர், 5 முதல் 17 வரை 17 பேர், 18 முதல் 59 வரை 36 பேர், 60 க்கு மேல் 9 பேர் என்று வைப்போம. உழைக்கும் வயதினர் 36 என்று தாளில் இருக்கும். வெளியே போன 9 பேரைக் கழித்தால் ஊரில் இருப்பவர் 27. ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. தொலைவில் காணி கொடுத்தால் யார் போய்ப் பயிர் செய்வது, பாடசாலை எவ்வளவு கிட்ட இருக்க வேண்டும், முதியோருக்கு மலசலகூடம் எங்கே அமைய வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை இந்த நிரலில் இருக்கிறது.

5. நாமே கணக்கெடுக்கும் முறை

ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். மாதர் சங்கத்திலிருந்து ஒருவரும் இளைஞர் ஒருவரும் சேர்ந்து போவது நல்லது. அடுப்பு எத்தனை என்பதைப் பெண்களே சரியாகச் சொல்வார்கள்.

முதலில் இடத்தின் படத்தைக் கீறுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் இலக்கம் போடுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு கதவுக்குள்ளும் எத்தனை அடுப்பு என்று கேளுங்கள். அடுப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

மூன்றாவது, அந்த அடுப்பில் உண்போர் பெயர், வயது, ஆணா பெண்ணா, படிப்பு, தொழில் என்பவற்றை எழுதுங்கள். வெளியூரில் இருப்பவரைத் தனி நிரலில், எங்கே, எப்போது வருவார் என்பதோடு எழுதுங்கள். அவரை விட்டுவிடவும் கூடாது, ஊரில் இருப்பவராகக் காட்டவும் கூடாது.

நான்காவது, பத்திரங்கள். பிறப்புச் சாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, கலியாணப் பதிவு, காணிப் பத்திரம் ஆகியவற்றில் எது உண்டு, எது இல்லை, எது இடப்பெயர்வில் தொலைந்தது?

ஐந்தாவது, முன்பு இருந்த இடம். எந்த ஆண்டு எங்கிருந்து வந்தார்கள், அங்கே என்ன காணி இருந்தது, என்ன பயிர் செய்தார்கள்?

ஆறாவது, ஆபத்து. சரிவு, நீரோடை, வெடித்த சுவர் ஆகியவற்றைப் படத்தில் குறியுங்கள். 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் வீதியோரத்தில் மண் சரிந்து உயிர்கள் பலியாயின. அடுத்த நாட்களில் வந்த டித்வா புயல் மலைநாடெங்கும் வீடுகளைப் புதைத்தது. அப்படி ஒன்று நேர்ந்தபின் யார் எங்கே இருந்தார்கள் என்று நினைவிலிருந்து எழுதுவது மிகவும் கடினம். நிலம் பாதுகாப்பானதா என்று சொல்ல வேண்டியது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுவது நம் படம்.

கடைசியாக, எழுதியதை எல்லாரும் கூடியிருக்கும்போது வாசித்துத் திருத்துங்கள். கூட்டி எழுத வேண்டாம். இல்லாத ஒரு அடுப்பைச் சேர்த்தால், இருக்கிற 17 அடுப்பையும் அதிகாரிகள் சந்தேகிப்பார்கள். வாசித்தபின் பெயர்ப் பட்டியலைச் சங்கத்தின் பொறுப்பில் பூட்டி வையுங்கள். வெளியே கொடுப்பது கூட்டுத்தொகை மட்டும். பெயர் விவரத்தை உரிய உத்தியோகத்தருக்கே, பிரதி எடுத்துக்கொண்டு, கொடுத்த திகதியை எழுதி ஒப்படையுங்கள்.

6. வீட்டோடு காணி

மலைநாட்டில் அண்மைய வீட்டுத் திட்டங்கள் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் என்ற அளவில் நடந்தன. இந்திய உதவியிலும் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டன. லயத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் ஓர் ஏக்கர் 160 பேர்ச். 7 பேர்ச் என்பது ஏக்கரில் இருபத்து மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். வீடு போக மிஞ்சுவதில் கறிவேப்பிலையும் நாலு மிளகுக் கொடியும் வைக்கலாம். விவசாயம் செய்ய முடியாது.

விவசாயக் குடும்பமாக வாழ்ந்தவர்கள் வீடு மட்டும் கேட்டால், வீடு மட்டுமே கிடைக்கும். அதனால்தான் ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள் என்கிறோம். முன்பு என்ன பயிர் செய்தோம் என்பது எழுத்தில் இருந்தால்தான், இனி என்ன நிலம் வேண்டும் என்று கேட்க முடியும். கிடைக்கும் உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

கூட்டத்தில் கலந்துரையாட:

நமது இடத்தில் எத்தனை கதவு, எத்தனை அடுப்பு? இரண்டுக்கும் வித்தியாசம் என்ன?
கடந்த பட்டியலில் விடுபட்ட குடும்பங்கள் எவை? ஏன் விடுபட்டன?
வெளியூர் போன இளைஞர்கள் திரும்பிவர வேண்டுமானால் இங்கே என்ன இருக்க வேண்டும்?
கொப்பியை யார் பொறுப்பில் வைப்போம்? எத்தனை மாதத்துக்கு ஒரு முறை திருத்துவோம்?

முதற் பக்கத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். அடுத்த பட்டியலோடு யாராவது வரும்போது, அவர் கொப்பியைத் திறக்குமுன் உங்கள் கொப்பி திறந்திருக்கட்டும்.