சொல்யூஷன் வாங்கும்போதும் வைக்கும்போதும்

வீட்டில் சொந்தமாகப் பஞ்சர் ஒட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: சொல்யூஷனைப் பெரிய டப்பாவாக வாங்காதீர்கள். தினமும் பஞ்சர் பார்க்கும் சைக்கிள் கடைக்கு டப்பா சரி. அது காய்வதற்குள் தீர்ந்துவிடும். எப்போதோ ஒருமுறை முள் குத்தும் வீட்டு சைக்கிளுக்கு 5 கிராம் குட்டி ட்யூப்கள் இரண்டு மூன்று போதும். ஒன்றைத் திறந்தாலும் மற்றவை சீல் உடையாமல் இருக்கும்.

சொல்யூஷன் என்பது நாப்தா போன்ற பெட்ரோலியத் திரவத்தில் கரைத்த ரப்பர். 1823இல் சார்லஸ் மெக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி மழைக்கோட்டுத் துணி செய்ததும் நாப்தாவில் கரைத்த ரப்பரை வைத்துத்தான். அந்தத் திரவம் மிக வேகமாக ஆவியாகும். உள்ளே இருப்பது கட்டியாகிவிட்டால் தூக்கிப் போடுவதே நல்லது. சிலர் பெட்ரோல் ஊற்றி இளக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலில் ரப்பர் கரையாது.

கடையில் வாங்கும்போது லேசாக அமுக்கிப் பார்ப்பேன். உள்ளே நெகிழ்ந்து ஓட வேண்டும். உறையில் 'வல்கனைசிங்' என்று போட்டிருந்தால் அதையே எடுப்பேன். இன்றைய சைக்கிள் ட்யூப்களில் பெரும்பாலானவை பியூட்டைல் ரப்பர். காற்றை நன்றாகத் தாங்கும், ஆனால் பசையைச் சுலபத்தில் ஏற்காது. அதனால் பழைய ட்யூபை வெட்டி ஒட்டுவதைவிட, ஓரம் மெலிந்த ரெடிமேட் பேட்சும் அதற்கென்றே வரும் சொல்யூஷனும் சேர்த்து வாங்குவது மேல். அவசரத்துக்கு சூப்பர் குளூ தடவுவது வேண்டவே வேண்டாம். அது காய்ந்தால் விறைத்துவிடும். ட்யூபோ காற்றடிக்க அடிக்க விரியும். அப்புறம் ஓரத்தில் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

நல்ல சொல்யூஷனும் அவசரக்காரர் கையில் பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பைப் போக்க வேண்டும். ட்யூபின் நடுவே ஓடும் அச்சுக்கோடு பேட்சுக்கு அடியில் வந்தால் அதையும் சமமாக்க வேண்டும். பிறகு பேட்சைவிடச் சற்று அகலமாக, மெல்லியதாகத் தடவி, ஐந்து நிமிடமாவது விட்டுவிட வேண்டும். பளபளப்பு போய் மங்கியபின் ஒட்டினால்தான் பிடிக்கும். ஈரத்தோடு ஒட்டினால் திரவம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். காய வைக்கத் தீ காட்டும் பழக்கத்தை அருள்கூர்ந்து விடுங்கள். அந்த ஆவி குப்பென்று பற்றும்.

திறந்த ட்யூபை மூடும் முன் மெல்ல அமுக்கி, சொல்யூஷன் வாய்வரை ஏறி உள்காற்று வெளியேறியதும் மூடியைப் போடுகிறேன். மரையில் ஒட்டியதைத் துடைத்துவிட்டால் மூடி முழுதாக இறங்கும். பிறகு வாய் மேலே இருக்கும்படி, இறுக மூடும் சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் வைத்து, வெயிலும் அடுப்பும் அண்டாத அலமாரியில், குழந்தைகளுக்கு எட்டாத தட்டில் ஏற்றிவிடுவேன். சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் திறந்த ட்யூப் கூடாது. சித்திரை வெயிலில் நிற்கும் சைக்கிளில் அது சீக்கிரமே காய்ந்துவிடும். வெளியூர் போகும்போது பையில் சீல் உடையாத ஒன்றே இருக்கட்டும். வீட்டில் திறந்து வைத்ததை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். கெட்டியாகத் தொடங்கியிருந்தால், கையில் பேட்ச் தீரும்வரை காத்திராமல் புதியது வாங்கிவிடுங்கள்.