விஞ்ஞானச் சித்திரக்கதைகள்: ஒரு சிறு ஆய்வு

வகுப்பறையில் பாடநூலுக்குள் ஒளித்து வைத்துப் படிக்கப்பட்ட நூல்களில் ஒரு காலத்தில் முதலிடம் சித்திரக்கதைக்கே இருந்தது. இன்று அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. சித்திரக்கதை காலவிரயம் என்று பெற்றோர் பலர் கருதினர்; ஆசிரியைகளும் பறிமுதல் செய்தனர். அந்தத் தீர்ப்பு சரியா, தவறா என்று பேசுமுன், அந்நூல் எப்படி ஆக்கப்படுகிறது என்று ஆராய்வது நன்று. ஆராய்ச்சிக்குரிய சான்றுகளைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. ராஜபாளையம் தாண்டினால் சிவகாசி.

தீப்பெட்டிக்கும் வெடிக்கும் பெயர் பெற்ற சிவகாசி, அச்சுத் தொழிலுக்கும் பெயர் பெற்றது. அங்கே 1972-ஆம் ஆண்டில் திரு. சௌந்தரபாண்டியன் அவர்கள் ‘முத்து காமிக்ஸ்’ என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். முதல் இதழின் பெயர் ‘இரும்புக்கை மாயாவி’. அப்போது தமிழ்நாட்டில் தொலைக்காட்சி இல்லை. 1975 ஆகஸ்டு 15-ல் சென்னையில் ஒளிபரப்புத் தொடங்கிய பின்னரும் அது நம் பகுதிக்கு எட்டவில்லை. ஆகவே வேற்றுலக மனிதரையும் இயந்திர மனிதரையும் நம் பிள்ளைகள் முதலில் கண்டது திரையில் அன்று, சிவகாசித் தாளில்தான்.

மாயாவி பிறந்த இடம் இங்கிலாந்து. ‘வேலியண்ட்’ என்ற வார இதழின் முதல் இதழிலேயே, 1962 அக்டோபரில், அவன் தோன்றினான். அவனது இயற்பெயர் லூயிஸ் கிராண்டேல்; ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவன் உருவம் மறைந்துவிடும். எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முதலில் குற்றவாளியாக அலைந்து, பின்னர் திருந்தி, சட்டத்தின் பக்கம் நின்றான். முதலில் எழுதியவர் கென் புல்மர் என்னும் ஆங்கில விஞ்ஞானக் கதை ஆசிரியர். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பெயின் நாட்டு ஓவியர். ஸ்பெயின்காரர் படம் வரைய, ஆங்கிலேயர் கதை சொல்ல, சிவகாசியில் அது தமிழ் பேசியது.

அதே இங்கிலாந்தில் இன்னொரு வகைச் சித்திரக்கதையும் வளர்ந்தது. அது தொலைக்காட்சித் தொடரிலிருந்து தாளுக்கு இறங்கி வந்த வகை. 1963 நவம்பர் 23-ல் பி.பி.சி. நிறுவனம் ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடரைத் தொடங்கியது. காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் ஒரு விந்தை மனிதரின் கதை. அவரது வாகனம் வெளியே பார்க்க ஒரு காவல்துறைத் தொலைபேசிக் கூண்டு; உள்ளே நுழைந்தாலோ விசாலமான மண்டபம்! ஓராண்டு நிறையுமுன், 1964 நவம்பரில், ‘டி.வி. காமிக்’ என்ற வார இதழில் அது சித்திரக்கதையாயிற்று. திரையில் அவருடன் சென்றவள் சூசன் என்ற பேத்தி. தாளில் ஜான், கில்லியன் என்று இரண்டு பேரக்குழந்தைகள்.

மாணவியர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் தொலைக்காட்சிப் பகுதி ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிடம். முடியும்போது யாராவது ஆபத்தில் சிக்கியிருப்பார். அடுத்த சனிக்கிழமை பார்க்க வைக்க வேண்டுமல்லவா? வார இதழில் வந்த கதையிலும் இதே உத்திதான். மாயாவியின் தொடர்கதைகளைச் சிவகாசியில் முழு நூலாக்கியபோது, அந்த வாரக் கொக்கிகள் நூலின் நடுவிலேயே தங்கிவிட்டன. பழைய இதழ் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். சில பக்கங்களுக்கு ஒருமுறை கூரை இடியும், இல்லையேல் துப்பாக்கி நீளும். ஒரு வாரம் அங்கே முடிந்தது என்று பொருள்.

தாளுக்கு ஒரு பெரிய வசதி உண்டு, செலவு இல்லை. படப்பிடிப்பு நிலையத்தில் நூறு இயந்திர அரக்கரைக் காட்ட நூறு கூடுகள் செய்ய வேண்டும். ஓவியருக்குச் சற்றே கூடுதல் மை போதும். ‘டாக்டர் ஹூ’ தொடரின் புகழ்பெற்ற பகைவர் ‘டாலெக்’ என்பார். திரையில் அத்தொடர் 1970 வரை கறுப்பு வெள்ளையாகவே இருந்தது. ஆனால் 1965-லேயே வேறொரு வார இதழில் டாலெக்குகளின் கதை முழு வண்ணத்தில் வெளிவந்தது! அந்த உரிமை ‘டி.வி. காமிக்’ இதழுக்கு அப்போது கிட்டாததால், டாலெக்கை ஒத்த ‘டிராட்’ என்ற இயந்திரங்களை அவர்கள் தாங்களே உருவாக்கிக்கொண்டனர். கற்பனைக்குப் பின்னால் உரிமைப் பத்திரமும் நிற்கிறது. 1989-ல் தொலைக்காட்சித் தொடர் நின்று 2005-ல்தான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சித்திரக்கதை நிற்காமல் நடந்தது என்பது எனக்குப் பெருவியப்பு.

தமிழாக்குவோரின் சங்கடம் வேறு. பேச்சுக் கூட்டின் அளவு மாறாது. ஆங்கிலத்தை நீக்கிவிட்டு அதே இடத்தில் தமிழை அடக்க வேண்டும். நம் மொழியிலோ வினைமுற்று நீளம். சுருங்கச் சொல்லும் பயிற்சிக்கு இதைவிடக் கடினமான கட்டுரைத் தேர்வு இல்லை என்பேன்.

இனி விஞ்ஞானம். மின்சாரம் பாய்ந்தால் மனிதன் மறையமாட்டான், மாண்டுபோவான். இதை யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்! மறைதல் என்பது வேறு வழியில் நிகழ்வதாகவே வைத்துக்கொள்வோம். நாம் காண்பது எவ்வாறு? வெளியிலிருந்து வரும் ஒளியைக் கண்ணின் விழித்திரை உட்கொள்வதால் காண்கிறோம். உடல் முழுவதும் கண்ணாடிபோல் ஒளியைக் கடத்திவிட்டால் விழித்திரையும் கடத்திவிடும். எனவே மறைந்த மாயாவி குருடனாகத்தான் இருக்க முடியும். எச்.ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதிய ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ நாவலையும் இந்தக் கேள்வி விடுவதில்லை. மேலும், மாயாவியின் சட்டையும் காலணியும் மறையும்போது எஃகுக் கை மட்டும் ஏன் மறையவில்லை? பௌதிக நூலில் இதற்கு விடை கிடையாது. ஓவியரிடம் உண்டு. எல்லாம் மறைந்தால் கட்டத்துக்குள் வெறுமைதான் மிஞ்சும். வாசகரின் கண் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும்.

இக்கதைகள் மேல் எனக்கொரு குறையும் உண்டு. மாயாவியின் உலகில் பெண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஆண், உளவுப்படையில் ஆண், வில்லனும் ஆணே. சிவகாசியிலேயே 1984-ல் ‘லயன் காமிக்ஸ்’ பிறந்தபோது முதல் இதழின் தலைமைப் பாத்திரம் மாடஸ்டி என்னும் பெண்ணாக அமைந்தது ஒரு மாற்றம். ‘டாக்டர் ஹூ’ தொடரில் அந்த விந்தை மனிதரின் பாத்திரத்தையே ஒரு பெண், ஜோடி விட்டேக்கர், ஏற்று முழுத் தொடராக நடிக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

பயிற்சி: ஒரு தாளில் ஆறு கட்டங்கள் வரைக. சங்கரன்கோவில் ரயில் நிலையம். செங்கோட்டை செல்லும் ரயில் புறப்படும் நேரம். கூட்டத்தில் உருவம் மறைந்த ஒரு பள்ளி மாணவி நிற்கிறாள். அவளிடம் எந்த ஒரு பொருள் மட்டும் கண்ணுக்குத் தெரியும் என்பதை முதலில் முடிவு செய்க. ஒவ்வொரு பேச்சுக் கூட்டிலும் எட்டுச் சொற்களுக்கு மேல் கூடாது. ஆறாவது கட்டத்தில் கதை முடியக் கூடாது.