சூளைச் சுருள் அடிக்கடி அறுவது ஏன்?

காணி திரும்பக் கிடைக்கும்வரை சும்மா இருக்க முடியாது என்று, சில குடும்பங்கள் சேர்ந்து பழைய போத்தல்களைச் சூடாக்கித் தட்டும் மணியும் செய்யத் தொடங்கின. நான்கு மாதத்தில் மூன்று முறை மின்சூளையின் சுருள் அறுந்தது. ஒவ்வொரு முறையும் குழுவின் சேமிப்பிலிருந்தே பணம் போனது. "இந்தச் சூளை எங்களுக்கு ராசியில்லை, சுவாமி" என்றார்கள்.

அறுந்த மூன்று சுருள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். மூன்றும் ஒரே இடத்தில் அறுந்திருந்தன. ஆகவே குறை சுருளில் அல்ல, அந்த இடத்தில்தான் இருந்தது. பயிர் பட்டுப்போனால் வேரைக் கிளறிப் பார்த்த பின்பே நாம் மறுபடி நடுகிறோம். சூளைக்கும் அதுவே முறை.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. சூளை நன்றாக ஆறிய பின், சுருள் எங்கே அறுந்தது என்று பாருங்கள்.

1. நுனியில், இணைப்புக்கு அருகில் அறுந்திருந்தால்: திருகாணி தளர்ந்திருக்கும். தளர்ந்த இணைப்பு தானே சூடேறிக் கருகும். புதுச் சுருளோடு இணைப்பையும் புதிதாக மாற்றி இறுக்குங்கள்.

2. நடுவில் அறுந்து, அருகில் கண்ணாடி ஒட்டியிருந்தால்: இச்சுருள்கள் பெரும்பாலும் இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பியாலானவை. சூடேறும்போது கம்பியின்மேல் அலுமினிய ஒட்சைட்டுத் தோல் உண்டாகி அதைக் காக்கிறது. உருகிய கண்ணாடி அந்தத் தோலை அரித்துவிடும். செங்கல் தவாளிப்பில் ஒட்டிய கண்ணாடியை முழுதாகச் சுரண்டி எடுங்கள். இல்லையேல் புதுச் சுருளும் அங்கேயே அறும்.

3. வளையங்கள் ஓரிடத்தில் நெருங்கியிருந்தால்: அங்கே வெப்பம் கூடும். பூட்டுமுன் சுருளை ஒரே சீராக இழுத்து விடுங்கள். ஒருமுறை சூடேறி ஆறிய கம்பி எளிதில் முறியும். அதைக் குளிரில் வளைக்க வேண்டாம்.

அறுந்த பகுதியை வெட்டிவிட்டு மிகுதியைப் பூட்டுவது சிக்கனம் போலத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். 230 வோல்ற்றில், 23 ஓம் தடையுள்ள சுருள் 10 அம்பியர் எடுக்கும். வலு 2300 உவாற்று. பத்தில் ஒரு பங்கை வெட்டினால் தடை 20.7 ஓம் ஆகும். ஓட்டம் 11 அம்பியருக்கு மேலே போகும். வலு ஏறத்தாழ 2550 உவாற்று. குறுகிய கம்பி கூடிய சூட்டைத் தாங்க வேண்டும். அது விரைவில் மறுபடி அறும், வயரும் சூடாகும்.

புதுச் சுருள் பூட்டியதும் முதல் முறை வெறும் சூளையை மெதுவாகச் சூடாக்குங்கள். காக்கும் தோல் உண்டாக அது உதவும்.

அந்தக் குழுவின் சூளையில் தவாளிப்புக்குள் ஒரு துளி கண்ணாடி உறைந்து கிடந்தது. அதை அகற்றினார்கள். தட்டின் விளிம்புக்கு அருகே போத்தல் வைப்பதையும் நிறுத்தினார்கள். நான்காவது சுருள் நிலைத்தது.

குழுவில் பேச: எங்கள் வேலையில் மறுபடி மறுபடி பணம் கொடுத்து மாற்றும் பொருள் எது? அது எங்கே, எப்படிக் கெடுகிறது என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோமா?